பார்சல் அறையிலிருந்து ஒரு ஆன்லைன் கடை

ஆன்லைன் கடை வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இரண்டு. பழைய பில் புத்தகம் ஒன்று. பார்சல் கட்டுகிற இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க அனுமதி. லோகோ, கலர், முகப்புப் படம் எல்லாம் பிறகு. "வெப்சைட் பண்றதுக்கு பில் புக்கு எதுக்குங்க தம்பி?" என்று ஈரோட்டில் ஒரு ஜவுளிக்காரர் கேட்டார். கேட்டுக்கொண்டே எடுத்தும் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தில்தான் கடை இருக்கிறது. ஒரே பில்லில் சேலை பீஸ் கணக்கில் இருக்கும், ரவிக்கைத் துணி மீட்டர் கணக்கில் இருக்கும். ஓரத்தில் பென்சிலால் எழுதிய தள்ளுபடி இருக்கும். "பஸ்ஸில் போட்டது, கூலி பார்ட்டி கொடுப்பார்" என்று குறிப்பு இருக்கும். மாற்றிக் கொடுத்த சரக்குக்குப் பழைய பில் எண்ணையே அடித்து எழுதியிருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் நாளைக்குத் தளத்தில் ஒரு தலைவலியாக வரப்போகிறது. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. தெரியாமல் ஆரம்பித்தால், ஒவ்வொரு தலைவலிக்கும் பிளகின் என்கிற துணைநிரல் ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

பத்து வருடத்துக்கும் மேலாக நான் செய்கிற வேலை இது. வேர்ட்பிரஸ், அதன்மேல் வூகாமர்ஸ், அதன்மேல் தேவைக்குச் சில பிளகின்கள். ஈரோடு, கரூர், திருப்பூர், சென்னிமலை என்று சுற்றுவட்டாரத்துக் கடைகள்தான் அதிகம். பெரும்பாலோர் அதற்கு முன்பே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்றுப் பழகியவர்கள். படம் போடுவார்கள், 'பிரைஸ் ப்ளீஸ்' என்று கேள்வி வரும், பதில் சொல்லிச் சொல்லியே நாள் போய்விடும். அந்தக் களைப்பில்தான் என்னிடம் வருகிறார்கள்.

வேர்ட்பிரஸ் 2003இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கியது. அப்போது அது வலைப்பதிவு எழுதுகிற கருவி. கடை நடத்தும் வூகாமர்ஸ் 2011இல் வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனை மையமாகக் கொண்ட வூதீம்ஸ் என்ற நிறுவனம், ஜிகோஷாப் என்ற இன்னொரு பிளகினின் மூலநிரலைப் பிரித்தெடுத்து வளர்த்தது அது. 2015இல் முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வூதீம்ஸை வாங்கிக்கொண்டது. இந்த வரலாற்றைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வலைப்பதிவின் வயிற்றில் பிறந்த கடை இது. சமீப காலம் வரை ஒவ்வொரு ஆர்டரும் ஒரு 'பதிவு' என்ற கணக்கில்தான் தரவுத்தளத்தில் உட்கார்ந்திருந்தது. 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்துதான் புதிய கடைகளுக்கு ஆர்டர்கள் தனி அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. ஆர்டர் பட்டியல் திறக்க நேரமாகிறது என்று பழைய கடைக்காரர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வூகாமர்ஸுக்கு நம் ஊர் வியாபாரம் தெரியாது. ஆனால் தெரியாததைச் சொல்லிக்கொடுக்க வழி வைத்திருக்கிறது. ஹூக் என்போம். விலையைக் காட்டப்போகிறேன், நீ ஏதாவது மாற்ற வேண்டுமா? வரி வகை எடுக்கப்போகிறேன், வேறு எடுக்கட்டுமா? ஆர்டர் முடிந்தது, இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா? இப்படி ஓடுகிற வழியெல்லாம் நின்று நின்று கேட்டுக்கொண்டே போகும். அந்த இடத்தில் நாலு வரி எழுதினால் போதும். துணியை மீட்டரில் விற்பதையே எடுத்துக்கொள்வோம். வூகாமர்ஸ் இயல்பாக முழு எண்ணைத்தான் அளவாக ஏற்கும். இரண்டேகால் மீட்டர் கேட்டால் இரண்டாகிவிடும். இதற்குப் பெரிய பெரிய பிளகின்கள் விற்கிறார்கள். உண்மையில், அளவை முழு எண்ணாக்குகிற இடத்தில் தசமத்தையும் ஏற்கச் சொல்லி ஒரு ஹூக், கால் மீட்டர் கால் மீட்டராக ஏறும்படி இன்னொரு ஹூக், அவ்வளவுதான். இந்த மாதிரி நிரல் வரிகளை, அதாவது கோடுகளை, நான் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்குள் எழுதுவதில்லை. கடையின் பெயரிலேயே சின்னதாக ஒரு பிளகின் செய்து அதற்குள் போட்டுவிடுவேன். தீபாவளிக்குத் தீம் மாற்றினாலும் கடையின் வழக்கம் மாறாது.

இனி வரிக்கு வருகிறேன். பிளகின் விற்பவர்களின் விளம்பரப் பக்கத்தில் 'இந்திய ஜி.எஸ்.டி. வசதி உண்டு' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிற விஷயம் இது. தமிழ்நாட்டுக் கடை தமிழ்நாட்டுக்கே அனுப்பினால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரிய வேண்டும். வெளி மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. ஒன்றே. வூகாமர்ஸின் வரி அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. ஒரே எண்ணில் இருக்கும் வரிசைகளில் ஒன்றைத்தான் அது எடுக்கும். சி.ஜி.எஸ்.டி.க்கும் எஸ்.ஜி.எஸ்.டி.க்கும் இரண்டிலும் 1 என்று போட்டுவிட்டால் பாதி வரிதான் பில்லில் ஏறும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், வாங்குகிறவருக்கு லாபம் அல்லவா! மாதக் கடைசியில் ஆடிட்டர் கூப்பிடும்போதுதான் தெரியும். ஒன்றுக்கு 1, மற்றதற்கு 2.

இதைவிடச் சுவையான சிக்கல் புதுச்சேரி. பின்கோடு 60இல் தொடங்கி 64 வரை தமிழ்நாடு என்று வைத்துக்கொண்டு வரியையும் கூரியர் கட்டணத்தையும் பின்கோட்டில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. புதுச்சேரி 605001. ஆனால் அது தனி யூனியன் பிரதேசம். ஜி.எஸ்.டி. கணக்கில் தமிழ்நாட்டுக்கு மாநிலக் குறியீடு 33, புதுச்சேரிக்கு 34. ஈரோட்டிலிருந்து அங்கே போகிற சேலைக்கு ஐ.ஜி.எஸ்.டி. சரி, 605ஐ முழுக்க வெளியே தள்ளிவிடலாமா என்றால் விழுப்புரமும் அதே 605தான். காரைக்கால் 609இல் இருக்கிறது, மயிலாடுதுறைப் பக்கமும் 609. ஆகவே வரிக்கு மாநிலத்தைத்தான் பார்க்க வேண்டும், பின்கோட்டை அல்ல. அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாண்டியில் இருந்துகொண்டு மாநிலப் பட்டியலில் 'தமிழ்நாடு' என்று தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்சல் பின்கோட்டைப் பார்த்துச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும், வரி மட்டும் தப்பாக இருக்கும். 605, 609 என்று தொடங்கும் பின்கோடோடு தமிழ்நாடு வந்தால், 'நீங்கள் இருப்பது புதுச்சேரி மாநிலமா?' என்று செக்அவுட்டில் ஒரு சின்னக் கேள்வி வைத்துவிடுகிறேன். எந்த ரெடிமேட் பிளகினும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

திருப்பூர்க் கடைகளுக்கு வேறு கதை. ரெடிமேட் உடுப்புக்கு வரி விலையைப் பொறுத்தது. நெடுநாளாக ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது. வூகாமர்ஸில் வரி வகை என்பது பொருளோடு ஒட்டியது, விலையோடு அல்ல. சட்டை விலையை 990இலிருந்து 1,050 ஆக ஏற்றினால் வரி வகையையும் கையால் மாற்ற வேண்டியிருந்தது. மறந்துவிடுவார்கள். அதற்கும் ஹூக்தான் போட்டேன். ஆனால் கூப்பன் வந்தால்? வரி பார்க்க வேண்டியது தள்ளுபடிக்குப் பிந்தைய விற்பனை விலையை. பொருள் பக்கத்தில் ஒரு வரி, கூப்பன் போட்ட பிறகு கார்ட்டில் இன்னொரு வரி என்று கணக்கு அங்கே மறுபடி ஓட வேண்டும். இந்த வரம்பை நான் கோடுக்குள் எண்ணாக எழுதாமல், கடைக்காரர் பார்க்கும் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு பெட்டியாக வைத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22 அன்று, நவராத்திரி தொடங்கிய நாளில், வரம்பு 2,500 ரூபாய் ஆனது. அதற்கு மேல் 18 சதவீதம். வரியை மாற்றி முடிக்கும் வரை பல ஆன்லைன் கடைகள் அன்று பாதிநாள் மூடிக் கிடந்தன. பெட்டி இருந்த கடைகளில் நள்ளிரவு தாண்டியதும் இரண்டு எண்களை மாற்றினார்கள், முடிந்தது. இப்போது 2,700 ரூபாய் குர்தாவுக்கு 10 சதவீதக் கூப்பன் போட்டால் 2,430 ஆகிறது. வரி 18இலிருந்து 5க்கு இறங்குகிறது. வாடிக்கையாளர் கையில் மிச்சமாவது கூப்பன் தொகையைவிட அதிகம். இதைப் புரிந்துகொண்ட ஒரு கடைக்காரர் கூப்பன்களையே அந்த எல்லையைப் பார்த்துத்தான் இப்போது வடிவமைக்கிறார். சேலைக்கு இந்தப் படிக்கட்டு இல்லை, அது துணி வகையில் வருகிறது.

வரி தப்பானால் ஆடிட்டர்தான் கோபிப்பார். பணம் தப்பானால் வாடிக்கையாளர் வாசலுக்கே வந்துவிடுவார்.

கட்டண நுழைவாயில் பிளகினை மாட்டுவது பத்து நிமிட வேலை. நுழைவாயில் நிறுவனம் கணக்குக்கு ஒப்புதல் தருவதுதான் நாள் பிடிக்கும். பணம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, தொடர்பு முகவரி என்று எல்லாப் பக்கங்களும் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்புதல் தருவார்கள். அதெல்லாம் முடிந்து கடை ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் ஒரு தொலைபேசி கட்டாயம் வரும். கரூரில் ஒரு அக்கா பதறிக்கொண்டு கூப்பிட்டார். "காசு போயிருச்சுன்னு அந்தப் பொண்ணு ஸ்கிரீன்ஷாட் அனுப்புது. நம்ம சைட்ல ஆர்டர் கேன்சல்னு நிக்குது. நான் யாரை நம்பறது?"

இருவரும் சொல்வது உண்மைதான். நடந்தது இது. அந்தப் பெண் கைப்பேசியில் பிரவுசரில் பொருள் எடுத்தார். யு.பி.ஐ. அழுத்தியதும் வேறு செயலி திறந்தது. ரகசிய எண் போட்டார், பச்சை டிக் வந்தது. அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, கைப்பேசியை மூடி வைத்துவிட்டார். ஆனால் 'பணம் வந்தது' என்ற செய்தியை நம் கடைக்குக் கொண்டு வர வேண்டியது அந்த பிரவுசர் பக்கம். அவர் அதற்குத் திரும்பவே இல்லை. ஆர்டர் 'பெண்டிங்' என்று நின்றது. வூகாமர்ஸில் சரக்கைப் பிடித்து வைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடம். அது கடந்ததும் பணம் வராத ஆர்டர் என்று தானே ரத்து செய்துவிட்டது. நம் ஊரில் யு.பி.ஐ. தான் பிரதானம், அதனால் இது என்றோ ஒருநாள் நடக்கிற விபத்து அல்ல, தினசரி நடப்பு.

இதற்கு மருந்து வெப்ஹூக். வாங்கியவரின் பிரவுசரை நம்பாமல், நுழைவாயிலின் சர்வரே நம் சர்வரைத் தட்டி 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது' என்று சொல்வது. பிளகினில் அந்தப் பெட்டி பெரும்பாலும் இருக்கும். முகவரியையும் ரகசியச் சாவியையும் நுழைவாயிலின் டாஷ்போர்டில் பதிய வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிந்த பிறகும் சில கடைகளில் வேலை செய்யாது. காரணத்தைத் தேடினால், கூடவே மாட்டியிருக்கும் பாதுகாப்புப் பிளகின் 'யாரோ ரோபோ வந்து கதவைத் தட்டுகிறது' என்று அந்தச் செய்தியை விரட்டிக்கொண்டிருக்கும். ஒரு பிளகின் கூப்பிட்ட விருந்தாளியை இன்னொரு பிளகின் வாசலில் நிறுத்துகிறது. புதுக் கடை திறக்கும் முன் நானே ஒரு ரூபாய்க்கு ஒரு பொருள் போட்டு, யு.பி.ஐ.யில் கட்டி, வேண்டுமென்றே பிரவுசரை மூடிவிட்டுக் காத்திருப்பேன். ஆர்டர் தானாக 'புராசஸிங்' ஆனால்தான் கடைக்குத் திறப்பு விழா.

கைத்தறிச் சேலைக் கடைகளில் ஒரு டிசைனில் ஒரே பீஸ். ஸ்டாக் 1. கார்ட்டில் எடுத்து வைத்துவிட்டால் தனக்குத்தான் என்று வாங்குகிறவர் நினைப்பார். வூகாமர்ஸில் கார்ட்டில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை. செக்அவுட்டில் ஆர்டரை உறுதி செய்யும்போதுதான் சரக்கு அவர் பெயருக்குப் பிடித்து வைக்கப்படும். இதற்கிடையில் கடையின் கவுன்ட்டரில் அதே சேலையை ஒருவர் மடித்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். இதைத் தீர்க்கும் பிளகின் எது என்று கேட்பார்கள். எதுவும் இல்லை என்பேன். தளத்தில் ஏற்றிய சேலைகளுக்குத் தனி பீரோ, அதிலிருந்து கவுன்ட்டருக்கு எடுத்தால் எடுக்கிறவர் கைப்பேசியில் ஸ்டாக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்த கடைகளில் சண்டை நின்றது.

பார்சல் அறையில் உட்கார்ந்ததன் பலன் கரூரில்தான் முழுசாகத் தெரிந்தது. அங்கே தலையணை, குஷன் விற்கிற கடை. தலையணைகள் எடையில்லாதவை, அதனால் கூரியர் செலவு குறைவு என்று கணக்குப் போட்டு, எல்லாப் பொருளுக்கும் எடையை மட்டும் பதிந்து 'இந்தியா முழுவதும் 60 ரூபாய்' என்று வைத்திருந்தார்கள். பெட்டியை நானே அளந்து பார்த்தேன். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 20 உயரம். பல கூரியர்கள் மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருகிற எண்ணைக் கன எடை என்று எடுத்துக்கொள்கின்றன. 48,000ஐ 5,000ஆல் வகுத்தால் 9.6 கிலோ. உள்ளே இருந்த தலையணைகள் இரண்டு கிலோகூட இல்லை. கூரியர்காரர் பில் போடுவது 9.6 கிலோவுக்கு. தலையணை விற்ற லாபம் காற்றைச் சுமந்துகொண்டு டெல்லி போய்க்கொண்டிருந்தது. செய்தது எளிய வேலை. பெட்டி அளவுகளைப் பதிந்து, கன எடை, நிஜ எடை இரண்டில் எது பெரிதோ அதை எடுக்கச் சொன்னேன். ஆனால் பலன் கோடில் வரவில்லை. பார்சல் கட்டுகிற அம்மா, "காத்தை அமுக்கிக் கட்டினா பாதிப் பெட்டியில போயிருமுங்களே" என்றார். காற்றை உறிஞ்சி அமுக்கும் கவர் வாங்கினார்கள். செலவு விழுந்துவிட்டது.

கேஷ் ஆன் டெலிவரி பற்றி ஒரு வரி: வெளி மாநிலத்துக்கு வேண்டாம். போய்த் திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு பக்கமும் கூலி நம்முடையது.

தமிழில் தளம் வேண்டும் என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். பொருளின் தமிழ்ப் பெயரை அப்படியே தலைப்பாகக் கொடுத்தால், வேர்ட்பிரஸ் அதிலிருந்தே இணைய முகவரியையும் உண்டாக்கிக்கொள்ளும். அந்த முகவரித் துண்டுக்கு 200 எழுத்து எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம் போதும். நம் எழுத்தில் மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் குறி என்று ஒவ்வொன்றும் தனி அலகு. ஒவ்வொரு அலகும் சதவீதக் குறிகளோடு 9 இடத்தை விழுங்கும். ஆகத் தமிழில் 22 அலகுகள்தான் கொள்ளும். சென்னிமலைக் கடை ஒன்றுக்கு 'சென்னிமலை கைத்தறிப் போர்வை' என்று ஏற்றிவிட்டுப் பார்த்தால் முகவரி 'சென்னிமலை கைத்தறிப் போர்' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. சிவப்புக் கரை, பச்சைக் கரை என்று அடுத்தடுத்து ஏற்றினால் எல்லாமே அதே போர்தான், வாலில் 2, 3 என்று எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு முழம் நீளத்துக்குக் குறிகளாகப் போய் விழும். பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரித் துண்டை மட்டும் ஆங்கில எழுத்தில் கையால் கொடுத்துவிடுங்கள் என்று எல்லாக் கடையிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்து பில். பி.டி.எஃப். பில் தரும் பிரபலமான பிளகின்கள் பலவும் உள்ளே டாம்பிடிஎஃப் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. அதற்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வைத்து அடுக்கத் தெரியாது. 'தேன்' என்று எழுதினால் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துரு சரியில்லை என்றால் ரூபாய்க் குறியே கேள்விக்குறியாகிவிடும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நாளை வீணாக்குகிறார்கள். தமிழ் சிதைவது எழுத்துருவின் குற்றமில்லை, அடுக்குகிற நிரலின் குற்றம். இந்திய மொழிகளை அடுக்கத் தெரிந்த எம்பிடிஎஃப் நிரலகத்துக்கு மாறினால் தமிழ் ஒழுங்காக வரும். நான் அப்படித்தான் செய்கிறேன். பார்சல் முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குவேன், நாக்பூரில் பார்சல் பிரிக்கிற பையன் படிக்க வேண்டும்.

பிளகின்களின் எண்ணிக்கை பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. இருபதுக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிளகினும் கடைக்குள் சாவியோடு நுழைகிற ஆள். வேலைக்குச் சேர்க்கும்போது யார், எந்த ஊர், முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று விசாரிக்க மாட்டோமா? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், ஆதரவுப் பக்கத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்களா, இப்போதைய வூகாமர்ஸ் பதிப்போடு சோதித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். 2023 நவம்பரில் 8.3 பதிப்பு வந்தபோது புதிய கடைகளுக்குச் செக்அவுட் பக்கமே, துண்டுதுண்டாக அடுக்கும் பிளாக் முறைக்கு மாறியது. பழைய ஹூக்குகளை நம்பி எழுதிய பிளகின்களின் பெட்டிகள் அந்தப் பக்கத்தில் காணாமல் போயின. கைப்பேசி எண்ணைக் கட்டாயமாக்கும் பிளகின், டெலிவரி தேதி கேட்கும் பிளகின் எல்லாம் மாட்டியிருக்கும், ஆனால் ஒன்றும் தெரியாது. பிழைச்செய்தியும் வராது. தன் பிளகினைக் கவனித்துக்கொள்கிறவர்கள் சில மாதங்களில் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இன்னும் பழைய பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை நூறு ரூபாய்க்குத் தருகிற கடைகள் இணையத்தில் நிறைய. வேர்ட்பிரஸ் சார்ந்த நிரல்கள் பெரும்பாலும் ஜி.பி.எல். உரிமத்தில் வருபவை, ஆகவே மறுபடி பகிர்வதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வழியில் அதற்குள் என்ன சேர்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கோவைப் பக்கம் அப்படி ஒரு பிளகினை மாட்டிய மளிகைக் கடைத் தளம். கூகுளில் தேடினால் கடைப் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம் வருகிறது. தளத்தைத் திறந்தால் ஒன்றும் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் அது வேறு பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்த கூலியில் அந்தப் பிளகினை நேர்வழியில் பல வருடத்துக்கு வாங்கியிருக்கலாம்.

வேகத்துக்காகப் போடும் கேஷ் (cache) பிளகினிலும் ஒரு எச்சரிக்கை. கார்ட், செக்அவுட், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களைச் சேமித்து வைக்கக்கூடாது என்பது நல்ல பிளகின்களுக்குத் தெரியும். ஹோஸ்டிங் நிறுவனம் தன் பக்கத்தில் தனியாகப் போடுகிற கேஷுக்குத் தெரியாமல் போகலாம். ஒருவர் கார்ட் இன்னொருவருக்குத் தெரிகிறது என்று புகார் வந்தால் பிளகினைக் குடையாமல் அங்கே பாருங்கள்.

ஆண்டுதோறும் ஆடி கழிந்ததும் சிவகாசிப் பட்டாசுக் கடைகளிலிருந்து அழைப்பு வரும். ஒரே பக்கத்தில் நூற்றுக்கணக்கான பொருள், பக்கத்தில் எண் போடும் பெட்டி, கீழே மொத்தம். வூகாமர்ஸில் அழகாகச் செய்யலாம். ஆனால் இணையவழியில் பட்டாசு ஆர்டர் எடுக்கக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் பணம் கட்டும் வசதியை எடுத்துவிட்டு, 'இது எஸ்டிமேட் மட்டும்' என்று எழுதிப் போடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் பேசிக்கொண்டு சரக்கு லாரியில் போகும். அதே தோற்றத்தில் போலித் தளம் போட்டு முன்பணம் வாங்கி ஏமாற்றுகிறவர்களும் தீபாவளி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நான் இந்த வேலையை எடுத்துக்கொள்வதில்லை.

எல்லோருக்கும் வூகாமர்ஸ்தான் என்றும் சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை அப்டேட் பார்க்க, பேக்அப் வந்ததா என்று பார்க்க ஆள் இல்லாத கடைக்கு, ஷாப்பிஃபை போல மாதச் சந்தா கட்டுகிற சேவையே நிம்மதி. பராமரிப்புக்கு ஆளும், தன் வியாபாரத்துக்கென்று தனி வழக்கமும் உள்ள கடைக்குத்தான் இந்த வழி.

பேசி முடித்ததும் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது உண்டு. அதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் நீங்களே வாங்குங்கள். ஹோஸ்டிங் கணக்கும் கட்டண நுழைவாயில் கணக்கும் உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்கட்டும். பிளகின் உரிமங்களை உங்கள் கணக்கில் வாங்கச் சொல்லுங்கள். வெளி மாநிலத்துக்கு வரி உள்ள சரக்கு விற்பதாக இருந்தால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகளைத் தவிர, ஆண்டு விற்பனை எவ்வளவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் போக வேண்டும். அந்த அலுவலர் பெரும்பாலும் நீங்கள்தான். தளம் செய்து தருகிறவரிடம், அது நானாகவே இருந்தாலும், நிர்வாகிக் கடவுச்சொல்லை முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.